அடியோடு இறங்கிய பேட்டரியைப் புதுச் சார்ஜர் ஏற்க மறுப்பது கோளாறா?

14 டிசம்பர் 2023, தண்டையார்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி

மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. வீட்டில் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள டியூபுலர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் உள்ளன. இன்வெர்ட்டர் நின்ற பிறகு, அம்மாவால் இருட்டில் நடமாட முடியாது என்பதால், 12 வோல்ட் எல்இடி விளக்கு ஒன்றைப் பேட்டரியிலேயே நேரடியாகக் கட்டி எரியவிட்டோம். இப்போது மின்சாரம் வந்தும் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புதிதாக வாங்கிய தானியங்கிச் சார்ஜரும் சிவப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டு நின்றுவிடுகிறது. மீட்டரில் 4.3 வோல்ட் காட்டுகிறது. நல்ல பேட்டரி ஒன்றைப் பக்கத்தில் வைத்து இணையாகக் கட்டினால் சார்ஜர் ஏமாந்து ஓடத் தொடங்கும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்கள் எந்தப் பேட்டரியாக இருந்தாலும் ஏற்றின. புதியவை அவசரத்துக்கு உதவாதவை என்பது என் கருத்து. நான் சொல்வது தவறா?

14 டிசம்பர் 2023, இரவு

இணையாகக் கட்ட வேண்டாம். காரணத்தைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். இன்றிரவு யாரும் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன். இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரி வயர்களைக் கழற்றி வையுங்கள். ஆசிட் மட்டம் பிளேட்டுக்குக் கீழே போயிருந்தால், பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் பேட்டரி வாட்டர் ஊற்றுங்கள். மேல் கோடு வரை இப்போது நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வழியும்.

15 டிசம்பர் 2023

கொருக்குப்பேட்டையில் இன்வெர்ட்டர், பேட்டரி பழுதுபார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்த வாரம் மட்டும் இதே நிலையில் ஏழு பேட்டரிகள் என் கடைக்கு வந்திருக்கின்றன. ஏழு வீட்டாரும் சார்ஜர் கெட்டுவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

சார்ஜர் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். அதன் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே 4.3 வோல்ட் இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது. அது ஆறு செல்லும் அடியோடு இறங்கிய 12 வோல்ட் பேட்டரியாக இருக்கலாம். உள்ளே சில செல்கள் ஷார்ட் ஆகிப்போன பேட்டரியாக இருக்கலாம். யாரோ தவறுதலாக மாட்டிய 6 வோல்ட் பேட்டரியாகவும் இருக்கலாம். கிளிப்பில் ஏதோ வோல்டேஜ் இருக்கிறது என்பதை மட்டும் நம்பி 15 ஆம்பியரைத் திறந்துவிட்டால், இவற்றில் முதலாவதற்கே அது நல்லதல்ல, மற்ற இரண்டுக்கும் பெரிய ஆபத்து. ஆகவே ஒரு வரம்புக்குக் கீழே இருப்பதைத் தொடாமல் விடும்படி சார்ஜரை வடிவமைக்கிறார்கள். சற்று விலை கூடிய சார்ஜர்களில் இன்னொரு படி உண்டு: மிகச் சிறிய மின்னோட்டத்தை முதலில் அனுப்பி, குறிப்பிட்ட நேரத்துக்குள் வோல்டேஜ் ஏறுகிறதா என்று பார்க்கும்; ஏறினால் மின்னோட்டத்தைக் கூட்டும், ஏறாவிட்டால் கைவிடும். உங்கள் சார்ஜரில் அந்த முதல் படி இல்லை. சிவப்பு விளக்கோடு நின்றுவிடுகிறது.

கணக்கு இதுதான். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் ஆறு செல்கள் உள்ளன. நிறைந்து ஓய்வில் இருக்கும் செல் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆகவே மொத்தம் 12.6 அல்லது 12.7. சுமை ஓடும்போது செல்லுக்கு 1.75, அதாவது மொத்தம் 10.5 வோல்ட் வந்தால் நிறுத்திவிட வேண்டும். இன்வெர்ட்டர் அங்கேதான் நின்றது. அது தன் கடமையைச் செய்தது. நீங்கள் நேரடியாகக் கட்டிய விளக்கு அந்தக் காவலைத் தாண்டி மிச்சத்தையும் உறிஞ்சிவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. வயதானவரை இருட்டில் உட்காரவைத்துவிட்டு யாரும் வோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த வகைப் பேட்டரிக்கு முதல் சார்ஜ் ஏஎச் எண்ணில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் கொடுக்கலாம்.

16 டிசம்பர் 2023, காலை

நேற்றைய பதிவின் கடைசி வரியைத் திருத்துகிறேன். பத்தில் ஒரு பங்கு என்பது சாதாரணமாக இறங்கிய பேட்டரிக்கான கணக்கு. 4.3 வோல்ட்டில் கிடக்கும் பேட்டரிக்கு நூறில் இரண்டு பங்கு, அதாவது 3 ஆம்பியர் போதும். 15 ஆம்பியர் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனது இரவு முழுவதும் உறுத்தியது. யாரேனும் அதைப் படித்துச் செய்துவிட்டிருந்தால் மன்னிக்க வேண்டும்.

ஏன் மெதுவாக ஏற்ற வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பேட்டரி இறங்க இறங்க, ஆசிட்டில் உள்ள சல்பேட் பிளேட்டுகளில் ஈய சல்பேட்டாகப் படிந்துகொண்டே போகிறது. அடியோடு இறங்கும்போது உள்ளே மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர். ஈய சல்பேட் ஆசிட்டில் கரைவதைவிடத் தண்ணீரில் சற்று அதிகமாகக் கரையும். கரைந்தது பிளேட்டுகளுக்கு இடையிலுள்ள பிரிப்பானுக்குள் ஊறி நிற்கும். சார்ஜ் ஏற்றும்போது அது அங்கேயே ஈய இழைகளாக மாறி, பிளஸ் பிளேட்டையும் மைனஸ் பிளேட்டையும் தொட்டுவிடக்கூடும். மேலும், பல நாள் அப்படியே கிடந்தால் பிளேட்டில் படிந்த சல்பேட்டின் பொடிப் படிகங்கள் பெரிய, கெட்டியான படிகங்களாக இறுகிவிடும். அவை மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. எனவே அடியோடு இறங்கிய பேட்டரிக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் கேடு, முதல் சில மணி நேரத்து அவசரமும் கேடு.

16 டிசம்பர் 2023, மாலை

பழைய சார்ஜரைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ராயபுரத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவரின் கடையில் அப்படிப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் ஒன்றுதான் இருந்தது. காசிமேட்டுப் படகுகளின் பேட்டரிகள் மீன் வாசனையோடு வந்து வரிசையில் நிற்கும். சார்ஜரின் முகப்பில் ஒரு ஆம்பியர் மீட்டரும் திருகிக் கூட்டும் சுவிட்சும் இருந்தன, வேறொன்றும் இல்லை. செத்த பேட்டரி வந்தால் பெரியவர் சுவிட்சை முதல் படியில் வைப்பார். முள் அசைந்தும் அசையாமலும் இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை பேட்டரியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். மூடிகளைத் திறந்து எந்தச் செல்லில் குமிழி வருகிறது, எதில் வரவில்லை என்று குனிந்து பார்ப்பார். அடுத்த படிக்குப் போவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகே முடிவுசெய்வார். அந்தச் சார்ஜர் எந்தச் சோதனையும் செய்யவில்லை என்பது உண்மை, பெரியவர் செய்தார். அதே சார்ஜரை வீட்டில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனவர்களின் பேட்டரிகள் வயிறு உப்பிக் கடைக்கு வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

17 டிசம்பர் 2023

கேள்வி கேட்டவர் பேட்டரியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். வோல்டேஜையும் ஆம்பியரையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் பவர் சப்ளையில் 14.4 வோல்ட், 3 ஆம்பியர் என்று வரம்பு வைத்து மாட்டியிருக்கிறேன். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தபோது ஆறு செல்லிலும் மிதவை எழவே இல்லை. அடியில் சாய்ந்து கிடந்தது. நிறைந்த டியூபுலர் பேட்டரியில் 1.240 அளவுக்கு நிற்க வேண்டியது அது.

சுவிட்சைப் போட்டவுடன் வோல்டேஜ் 14.4க்குப் பாய்ந்துவிட்டது. ஆம்பியர் 0.15 மட்டும். இந்தக் காட்சியைப் பார்த்துப் பலர் ஏமாறுவார்கள். தானியங்கிச் சார்ஜராக இருந்தால் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கிறது, மின்னோட்டம் குறைவாக இருக்கிறது, ஆகவே பேட்டரி நிறைந்துவிட்டது என்று கணக்கிட்டுப் பச்சை விளக்கைக் காட்டிவிடும். உள்ளே ஒரு சொட்டு சார்ஜும் இருக்காது. பிளேட்டெல்லாம் சல்பேட், நடுவே தண்ணீர். மின்சாரம் போக வழியில்லாததால் வோல்டேஜ் முட்டி நிற்கிறது.

காலை பத்தரைக்கு 0.15. பகல் ஒரு மணிக்கு 0.4. மாலை ஏழுக்கு 1.1. கடையை மூடும்போது அணைத்துவிட்டேன். ஆளில்லாத இடத்தில் இதை ஓடவிடுவதில்லை.

18 டிசம்பர் 2023

இன்று காலை மீண்டும் போட்டேன். பதினொரு மணிக்கெல்லாம் 3 ஆம்பியர் முழுமையாகப் போகத் தொடங்கிவிட்டது. வோல்டேஜ் தானாக 12.1க்கு இறங்கி நிற்கிறது. பேட்டரி மின்சாரத்தை வாங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இந்த இறக்கமே அடையாளம். செல்களின் பக்கவாட்டில் சூடு இல்லை. நாளைக்கு 10 ஆம்பியராகக் கூட்டலாம்.

இதற்கு நேர்மாறான அடையாளத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். செல் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் ஆம்பியர் தாராளமாகப் போகும், வோல்டேஜ் ஏறாது. உண்மையில் வேலை செய்வது ஐந்து செல்தான் என்பது சார்ஜருக்குத் தெரியாது, 14.4 வோல்ட்டைத் தொட்டே தீருவேன் என்று தள்ளிக்கொண்டே இருந்தால், செல்லுக்கு 2.4 வோல்ட் என்று இருக்க வேண்டியது 2.88 ஆகிவிடும். ஐந்து நல்ல செல்களும் கொதிக்கும். ஹைட்ரஜன் பொங்கி வரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறிக்கு அது பற்றிக்கொள்ளும். அதனால்தான் நல்ல சார்ஜர்களில் வோல்டேஜ் வரம்போடு நேர வரம்பையும் வைக்கிறார்கள்: இத்தனை மணிக்குள் உச்சத்தை எட்டாத பேட்டரி கெட்டது என்று எடுத்துக்கொண்டு தானாக நிறுத்திவிடும்.

21 டிசம்பர் 2023

தண்டையார்பேட்டை பேட்டரி: ஐந்து செல்களில் 1.230 முதல் 1.240 வரை வந்துவிட்டது. மூன்றாவது செல் மட்டும் 1.190. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே, குறைந்த மின்னோட்டத்தில் 15.5 வோல்ட் வரை சில மணி நேரம், பின்தங்கிய செல்லை மற்றவற்றோடு சமன்படுத்தும் சார்ஜ் கொடுத்தேன்; அந்தச் செல் 1.215க்கு வந்தது, அதற்கு மேல் அசையவில்லை. பிறகு 15 ஆம்பியர் சுமை வைத்துப் பார்த்தேன். 10.5 வோல்ட்டுக்கு இறங்க ஆறரை மணி நேரம் ஆயிற்று. ஏறத்தாழ 97 ஏஎச். மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. இரண்டு மின்விசிறி, நான்கு விளக்குக்கு இது இன்னும் சில காலம் தாங்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

27 டிசம்பர் 2023

நல்ல பேட்டரியை இணையாகக் கட்ட வேண்டாம் என்று நான் சொன்னதற்கு வியாசர்பாடி மெக்கானிக் அண்ணன் ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளாக வண்டிகளுக்கு வேறொரு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்துவருவதாகவும், ஒருமுறைகூட விபத்து நேரவில்லை என்றும், நான் மக்களை வீணாகப் பயமுறுத்துவதாகவும் சொல்கிறார்.

அண்ணன் செய்வது வேறு வேலை. வண்டியை ஸ்டார்ட் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். பேட்டரி பெரும்பாலும் 11 வோல்ட்டுக்கு மேலே இருக்கும். கடைசி கிளிப்பைப் பேட்டரியில் போடாமல், தள்ளி எஞ்சின் உலோகத்தில் போடும் பழக்கமும் அவரைப் போன்ற அனுபவசாலிகளுக்கு இருக்கும். சார்ஜரை ஏமாற்றக் கட்டுவதில் இவற்றில் ஒன்றும் இல்லை. 12.7 வோல்ட் பேட்டரியை 4.3 வோல்ட் பேட்டரியோடு சேர்த்தால் எட்டு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். அதைத் தடுத்து நிறுத்துவது வயரும் பிளேட்டில் படிந்த சல்பேட்டும் மட்டுமே. சல்பேட் கரையக் கரைய மின்னோட்டம் தன்னால் கூடும், அதற்கு வரம்பு வைக்க யாரும் இல்லை. சார்ஜரோ இரண்டு பேட்டரியையும் ஒன்றாகப் பார்த்து, எல்லாம் சரி என்று முழு ஆம்பியரையும் திறந்துவிடும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், ஒரு கடையில் நானே அப்படிக் கட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பேட்டரி கொதிப்பதைப் பார்த்துப் பதறி, சார்ஜரின் மெயின் சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்கினேன். கிளிப்பின் நுனியில் நீல நிறத்தில் ஒரு பொறி பறந்ததைப் பார்த்தேன். அடுத்து நினைவில் இருப்பது சத்தம். மூடிகள் கூரையில் போய் அடித்தன. முகத்தைத் திருப்பியிருந்ததால் கண் தப்பியது; ஆசிட் தெறித்த இடது முழங்கைக்குக் கீழே இன்றும் தோல் சுருங்கியே இருக்கிறது. பெரியவர் குழாயடிக்கு இழுத்துச் சென்று கால் மணி நேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் மெயின் சுவிட்ச், பிறகு கிளிப் என்ற வரிசையை அன்றிலிருந்து என் கை மறந்ததில்லை.

9 ஜனவரி 2024

பெரம்பூர் வாசகி ஒருவர், ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பியதாகவும், மின்ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்றும், மீட்டரில் 0 காட்டுகிறது என்றும் கேட்டிருக்கிறார். இங்கே எழுதியது அதற்கும் பொருந்துமா என்பது அவர் கேள்வி.

முறை ஒன்றே, எண்கள் வேறு, ஆபத்து அதிகம். முதலில் அந்த 0. லித்தியம் பேட்டரியின் உள்ளே பிஎம்எஸ் என்ற காவல் பலகை இருக்கிறது. செல்கள் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் அது வெளித் தொடர்பைத் துண்டித்துவிடும். வெளியே 0 காட்டினாலும் உள்ளே செல்கள் உயிரோடு இருக்கலாம். சிறிய டார்ச், ஸ்பீக்கர்களில் இருக்கும் டிடபிள்யூ01 என்ற சில்லு செல் 2.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் துண்டிக்கிறது. சரியான சார்ஜரை மாட்டினால் அது விழித்துக்கொண்டு மெல்ல வாங்கத் தொடங்கும். அதே டார்ச்சுகளில் சார்ஜ் ஏற்றும் டிபி4056 சில்லு, செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முழு மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே அனுப்புகிறது, 2.9ஐத் தாண்டிய பிறகே முழு அளவுக்கு மாறுகிறது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் சில்லிலேயே இந்தப் பொறுமையை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேலையின் மேல் மரியாதை கூடுகிறது.

செல் மிகவும் கீழே போய், நீண்ட நாள் அப்படியே கிடந்தால், மைனஸ் பக்கத்தில் உள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். அந்த நிலையில் சார்ஜ் ஏற்றினால், கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஏற்படுத்தும். அந்தச் செல் அன்றைக்கே பற்றிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. சில வாரம் நன்றாக ஓடிவிட்டு, வீட்டினர் தூங்கும்போது சூடாகலாம். ஈய-அமில பேட்டரியை மீட்பதற்கு நான் மெனக்கெடுவேன். அடியோடு செத்த லித்தியம் செல்லை மீட்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் சார்ஜர் மறுத்தால் அதுவே இறுதி முடிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேராகச் செல்லில் வயர் கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தின் சேவை மையத்துக்கே எடுத்துச் செல்லுங்கள்.

2022இல் நாட்டின் பல இடங்களில் மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்புத் தரத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்தும் 2023 மார்ச் இறுதியிலிருந்தும் இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. பேட்டரி அடியோடு இறங்கியிருக்கிறதா என்பதைக் கண்டறியும் முன்-சார்ஜ் வசதியும், ஒவ்வொரு முறையும் மெதுவாகத் தொடங்கும் வசதியும் சார்ஜரில் இருக்க வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. பெரியவர் புறங்கையை வைத்துப் பார்த்தது இப்போது விதியாகவே வந்துவிட்டது.

10 ஜனவரி 2024

ஒரு சேர்க்கை. நீண்ட நாள் வெளியூர் போகிறவர்கள் ஸ்கூட்டரைப் பாதி சார்ஜில் விட்டுச் செல்லுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

7 ஏப்ரல் 2024

இந்த இழையை நான் மீண்டும் திறப்பதற்குக் காரணம் காசிமேடு. வருகிற 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது; ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அத்தனை நாளும் பேட்டரி படகிலேயே இருக்கும். ஈய-அமில பேட்டரி சும்மா வைத்திருந்தாலே இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் எஞ்சின் அறைக்குள் என்ன சூடு இருக்கும் என்பதைப் படகுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதோடு ஜிபிஎஸ், வயர்லெஸ் ஆகியவற்றின் வயர்கள் மாட்டியே இருந்தால் அவையும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் இரண்டாம் வாரத்தில் 3 வோல்ட், 5 வோல்ட் என்று பேட்டரிகள் என் கடை வாசலில் வரிசையாக நிற்கும்; நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டும், இன்றிரவே ஏற்றிக்கொடுங்கள் என்பார்கள். மூன்று நாள் வேலையை ஓரிரவில் செய்யக் கேட்பவரிடம் முடியாது என்று சொல்வது, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வது, எனக்கு எளிதாக இருந்ததில்லை.

எனவே இப்போதே சொல்கிறேன். படகைக் கரையேற்றும் நாளில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.4க்குக் கீழே வந்திருந்தால் ஒருமுறை சார்ஜ் போட்டு வையுங்கள்.

16 ஜூன் 2024

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. ஏப்ரலில் இதைப் படித்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்றிய படகுக்காரர் ஒருவர் நேற்றுக் கடைக்கு வந்தார். சார்ஜுக்காக அல்ல, கிளிப் வாங்க. அவர் பேட்டரி 12.5இல் நின்றதாம். அவருடைய மைத்துனர் கழற்றவில்லை. அவர் பேட்டரி 2.8 வோல்ட்டில் என் மேசையில் இருக்கிறது. காலையில் 14.4க்கு வரம்பு வைத்துப் போட்டபோது 0.1 ஆம்பியர் போயிற்று. இதை எழுதும்போது, பிற்பகல் மூன்றரைக்கு, 0.6. ஐந்து செல்லில் பொடிக் குமிழி வரத் தொடங்கியிருக்கிறது. பிளஸ் முனையை ஒட்டிய செல்லில் இன்னும் ஒன்றும் இல்லை. இரவு வரை பார்த்துவிட்டு, நாளைக் காலை ஹைட்ரோமீட்டர் விட்ட பிறகுதான் அவரிடம் சொல்ல வேண்டும்.